சாவு வீட்டில் சீட்டாடாதவன்

எங்கள் ஊரில் தெய்வசிகாமணியைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள். பாதி பொய். மீதிப் பாதியில் என்னைத் திட்டியிருப்பார்கள். அதனால்தான் நானே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என் பெயர் பொன்னுரங்கம். வயது அறுபத்தொன்பது. சின்னசேலத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது எங்கள் ஊர். தெய்வசிகாமணி என்னைவிட இரண்டு வயது இளையவன். அவன் பெண்டாட்டி அமிர்தம் என் பெரியப்பா மகள், எனக்குத் தங்கச்சி. முப்பது வருஷம் அவனுக்கு எதிரில் உட்கார்ந்து சீட்டாடியவன் நான். தங்கச்சி புருஷனையே சீட்டில் உட்காரவைத்த புண்ணியவான் என்று ஊர் என்னைச் சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும். அவன் என்ன பால்குடிப் பிள்ளையா, நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக?

ஆள் நல்ல உழைப்பாளி. அதில் ஒரு குறை சொல்ல முடியாது. இரண்டு ஏக்கர் மரவள்ளி, அரை ஏக்கர் மக்காச்சோளம். ஒரு கிழங்கைப் பிடுங்கி ஒடித்துப் பார்த்தாலே மாவு எத்தனை பாயிண்ட் தேறும் என்று சொல்லிவிடுவான். ஜவ்வரிசி மில்லில் போட்டுப் பார்த்தால் அரைப் பாயிண்ட் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். அதே மூளைதான் சீட்டிலும். யார் எதைக் கீழே போட்டான், எதை எடுத்தான் என்று பதிமூன்று சீட்டு ரம்மியில் கடைசிவரை ஞாபகம் வைத்திருப்பான். இருந்தும் தோற்பான். ஏனென்றால் ஜெயிக்கும்போது எழுந்திருக்க மாட்டான்.

நாங்கள் நாலு பேர். நான், தெய்வசிகாமணி, பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆன ராமசாமி, பிச்சைமுத்து. பிச்சைமுத்துவின் மோட்டார் கொட்டாய்தான் எங்கள் இடம். மதியம் மும்முனை கரண்ட் வந்து மோட்டார் போட்டதும் உட்கார்ந்தால், கரண்ட் போகிறவரை ஆட்டம். தண்ணி பாய்ச்சப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிடுவோம். தண்ணி பாட்டுக்குப் பாயும், நாங்கள் பாட்டுக்கு ஆடுவோம்.

போன வருஷம் மாசி மாதத்தில் அமிர்தத்துக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். கள்ளக்குறிச்சியில் ஆபரேஷன். ஒருநாள் வைத்திருந்து, மறுநாள் மதியம் பன்னிரண்டு மணிக்கு விடுவதாகச் சொன்னார்கள். அவர்களுடைய ஒரே மகள் தேவிப்ரியா வெள்ளிமலையில் டீச்சர். பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம், லீவு போட முடியவில்லை. "நீ ஒண்ணும் வராத. ஒங்கம்மாவ நான் போய் கூட்டியாறன்" என்று இவன்தான் வீராப்பாகச் சொன்னான்.

பதினோரு மணி பஸ்ஸுக்குப் போக வேண்டியவன் பத்து மணிக்கே வேட்டி சட்டை மாற்றிக்கொண்டு கொட்டாய்க்கு வந்தான். அன்றைக்கென்று கரண்ட் காலையிலேயே வந்துவிட்டது. "இந்த ஒரு கை முடிச்சிட்டு கெளம்பறன்" என்றான். பதினோரு மணி பஸ் போனது. பன்னிரண்டரை பஸ்ஸும் போனது. ஹார்ன் சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. ஒருத்தனும் தலை நிமிரவில்லை.

அமிர்தம் ஆஸ்பத்திரி பெஞ்சில் மூன்று மணிவரை உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். பிறகு தானே பஸ் ஏறி, மெயின் ரோட்டில் இறங்கி, ஒரு கண்ணில் கட்டோடு அந்த ஒன்றரை கிலோமீட்டரையும் தடவித் தடவி நடந்திருக்கிறாள். ஏரிக்கரையில் கருவேல மர வேர் தடுக்கி விழுந்து முழங்கால் தேய்ந்துபோனது. கொட்டாய் அந்த வழியில்தான் இருக்கிறது. வாசலுக்கு எதிரே வந்து நின்றாள்.

தெய்வசிகாமணிக்கு முதுகுப் பக்கம் வாசல். அவன் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். கண் கட்டு, சேலையில் மண், முட்டியில் ரத்தம், எல்லாம் பார்த்தேன். சொல்லவில்லை. எனக்கு அப்போது டிக் அடித்து ஆட்டத்தை ஜெயிக்க ஒரே ஒரு ஸ்பேடு ராணி வரவேண்டியிருந்தது. இதை நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை. அவள் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்தினாள். சோறு போட்டாள், துணி துவைத்தாள், மாட்டுக்குத் தண்ணி காட்டினாள், சர்க்கரை மாத்திரையைக்கூட எடுத்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். வாய் மட்டும் திறக்கவில்லை. சண்டை போட்டால் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசி சமாளிக்கலாம். பேசாதவளை என்ன செய்வது? பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மகளைத் தூது விட்டான். தேவிப்ரியா அம்மாவிடம் பேசிவிட்டு வந்து சொன்னாள்:

"நீ சீட்ட வுட்டுட்டன்னு ஊரு சொல்லணுமாம்பா. ஊரு சொல்லி அம்மா காதுல வுழணுமாம். நீ சொன்னா அது செல்லாதாம்."

பிறகுதான் அவன் பாடு ஆரம்பித்தது. முதலில் பிள்ளையார் கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் பண்ணினான். பதினொரு நாள் தாங்கியது. பன்னிரண்டாம் நாள் கொட்டாய்க்கு வந்து, "ஆடலப்பா, சும்மா பாக்கறன்" என்று என் பின்னால் உட்கார்ந்தான். சும்மா பார்க்கிறவன் அரை மணி நேரத்தில், "அத போடாத மச்சான், அத போடாத" என்று என் கையிலிருந்து சீட்டைப் பிடுங்கினான். பிறகென்ன, நாலாவது கை போட்டோம்.

அடுத்து மலைக்குப் போனான். வெள்ளிமலையில் மகள் வீட்டில் ஒரு மாசம் இருந்தால் மறந்துவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். குளிர், தினைச் சோறு, பேரப் பிள்ளைகள், ஏழு மணிக்கே அடங்கிவிடும் ஊர். நல்ல யோசனைதான். ஆனால் கடைத்தெருவில் சவாரி இல்லாத நேரத்தில் ஜீப்காரர்கள் பானெட் மேல் சீட்டுப் போடுவார்கள் என்பது யோசனை சொன்ன ஆளுக்குத் தெரியாது. ஒன்பதாம் நாள் தேவிப்ரியா பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அப்பன் பானெட் மேல் சாய்ந்துகொண்டு விசிறிபோல் சீட்டைப் பிடித்திருப்பதைப் பார்த்தாள். அதே ஜீப்பில் ஏற்றிக் கீழே அனுப்பிவிட்டாள். "ஒனக்கு ஒடம்பெல்லாம் சீட்டுப்பா" என்று அழுதாளாம். அவன் என்னிடம் அதைச் சொல்லும்போது சிரிக்கத்தான் பார்த்தான். முடியவில்லை.

எனக்குச் சந்தோஷம்தான். மறைப்பானேன்? மூன்று பேர் ஆடும் ஆட்டம் ஒரு ஆட்டமா? அவன் வந்து எதிரில் உட்கார்ந்தால்தான் எனக்கு நாள் போகும். என் பெண்டாட்டி ஜெயம்மாள் போய் ஆறு வருஷமாகிறது. பையன் உளுந்தூர்பேட்டையில் லாரி பட்டறை வைத்திருக்கிறான், தீபாவளிக்கு வருவான். வீட்டில் போய் நான் யார் மூஞ்சியைப் பார்ப்பது?

சித்திரையில் எங்கள் ஊர் அம்மனுக்குத் தீமிதி. தீ மிதிக்கிறவர்கள் பதினெட்டு நாள் முன்பே மஞ்சள் நூலில் காப்புக் கட்டிக்கொள்வார்கள். காப்புக் கட்டினவன் குடிக்கக் கூடாது, கறி தின்னக் கூடாது, சீட்டைத் தொடக் கூடாது. ஊரெல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. சாவு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. அறுபத்தாறு வயதில் தெய்வசிகாமணி காப்புக் கட்டிக்கொண்டான். பதினெட்டு நாளும் கொட்டாய்ப் பக்கம் தலை வைக்கவில்லை. தீயும் மிதித்தான், கொப்புளம்கூட இல்லை.

மஞ்சள் நீராட்டு முடிந்த அன்று பூசாரி செல்லமுத்து வரிசையாக எல்லார் காப்பையும் அவிழ்த்துக்கொண்டு வந்தார். இவன் முறை வந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"எனக்கு இருக்கட்டும் பூசாரி."

"இன்னாய்யா இருக்கட்டும்? அம்மன் ஊஞ்சலாடி உள்ள போயாச்சி. ஒனக்கு மட்டும் இன்னா திருவிழா?"

"இது கையில இருந்தா நான் ஆட மாட்டன். அவுத்தா ஆடிடுவன். வுட்டுடு."

"கட்டுன காப்ப அவுக்கணும்யா. அதான் மொற. தெய்வக் குத்தமாயிடும்."

"ஆவட்டும். என் வூட்டுக் குத்தத்த மொதல்ல பாத்துக்கறன்" என்று சொல்லிவிட்டுக் கோயிலைவிட்டு ஓடியே போய்விட்டான். கிழவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்த்து ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் வயிற்றெரிச்சலோடு.

பதினெட்டு நாள் நூலை ஐந்து மாசம் கட்டியிருந்தான். மஞ்சள் போய்க் கறுத்துவிட்டது. மருமகன் வீட்டுக் காதுகுத்தில் கறி தின்னவில்லை. மலையில் பேத்திக்குக் காய்ச்சல் என்றபோது காலை பஸ்ஸில் போய் சாயங்காலமே இறங்கி வந்தான். ஊரில் இரண்டு சாவு விழுந்தது, இரண்டுக்கும் தெருமுனையிலேயே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினான். சீட்டை மட்டும் தொடவில்லை.

சரி, ஊர் என்ன சொன்னது? அவன் சீட்டை விட்டுவிட்டான் என்றா சொன்னது? ஊராவது, சொல்வதாவது. டீக்கடையில் ராமசாமியே சொன்னான்: "அவன் எங்கடா வுட்டான்? நூலு அவன வுடல. நூல அவுத்துப் பாரு, ஓடியாந்துடுவான்." எல்லாரும் தலையை ஆட்டினார்கள். பால் வாங்க வந்த அமிர்தம் அதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். பாத்திரத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கும் பேசவில்லை.

புரட்டாசியில் பிச்சைமுத்து செத்துப்போனான்.

காலை ஆறு மணிக்கு மோட்டார் போடப் போனவன் சுவிட்சுப் பலகைக்குக் கீழேயே சரிந்துகிடந்தான். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கவே வேலையில்லை. அவன் மகன் கலையரசன் சிங்கப்பூரில் இருக்கிறான். மறுநாள் மதியம்தான் வந்து சேர முடியும் என்றார்கள். சின்னசேலத்திலிருந்து ஐஸ் பெட்டி வந்தது. பத்து மணிக்குள் தெருவில் பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலி இறக்கி, மேளமும் வந்துவிட்டது.

வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது என்றால் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் சாவு வீடு என்றால் ஆம்பளைகள் சீட்டுப் போடுவார்கள். பிணத்தை வைத்துக்கொண்டு ஊர் கண் விழிக்க வேண்டுமே, அதற்காக என்று பேர். பந்தலில் ஜமக்காளம் விரித்து வெளிப்படையாகவே ஆடலாம், ஒருத்தரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பெண்கள் உள்ளே பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து அழுவார்கள். நாங்கள் வெளியே ஆடுவோம். என் வாழ்க்கையில் நான் நிம்மதியாக ஆடிய ஆட்டமெல்லாம் சாவு வீட்டு ஆட்டம்தான்.

தெய்வசிகாமணி தலையிலடித்துக்கொண்டு கோயிலுக்கு ஓடியிருக்கிறான். கையில் காப்பு. சாவுக்குப் போகக் கூடாது. போகாமல் இருக்க அவனுக்கு ஊரறிந்த காரணம் இருக்கிறது, யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் இவன் கிணறு இடிந்தபோது, இரண்டு போகத்துக்கும் ஒரு பைசா வாங்காமல் தன் மோட்டாரிலிருந்து தண்ணி விட்டவன் பிச்சைமுத்து. அவன் சாவுக்குத் தெருமுனையில் நின்று கும்பிடு போட்டுவிட்டு வருவதா? பூசாரி பிறகு சொன்னார், இவன் தானாகவே கையை நீட்டினானாம். "அவுத்துடு பூசாரி. அவன் மூஞ்சிய பாக்காம இருக்க முடியாது" என்றானாம். செல்லமுத்து நூலை அவிழ்த்துக் கற்பூரத்தோடு சேர்த்து எரித்துவிட்டார்.

பதினொன்றரைக்குப் பந்தலுக்கு வந்தான். வெறுங்கையாக இருக்கிறான் என்பதை நான் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். நான் மட்டுமா, பந்தலே பார்த்தது. மாலையைப் போட்டான். பிச்சைமுத்து சம்சாரத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். அமிர்தம் அங்கேதான் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வெளியே வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்தான். ஜமக்காளத்துக்கும் அவனுக்கும் நாலு அடிதான் தூரம்.

நான், ராமசாமி, பக்கத்து ஊரிலிருந்து துக்கத்துக்கு வந்த இரண்டு பேர் ஆடிக்கொண்டிருந்தோம். ஒரு இடம் விட்டுத்தான் நான் உட்கார்ந்திருந்தேன். அது யாருக்கென்று எல்லாருக்கும் தெரியும்.

"மாப்ள, வா" என்றேன்.

"நீங்க ஆடுங்க மச்சான்."

"நூலுதான் போச்சே. இனிமே இன்னா?"

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. அடுத்த கைக்குச் சீட்டைக் கலைத்துப் போடும்போது காலி இடத்துக்கும் சேர்த்தே போட்டேன். பதிமூன்று சீட்டு, கவிழ்த்து, அவன் காலுக்கு நேராக. டீ ஊற்றிக்கொண்டிருந்தவன்கூடத் திரும்பிப் பார்த்தான். எனக்கு அவன் வேண்டும், அவ்வளவுதான். செத்துப்போனவன் போய்விட்டான், இருக்கிறவனாவது எதிரில் உட்காரட்டும் என்று இருந்தது.

அவன் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கையைத் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டான். உதட்டைக் கடித்தான். பிறகு என்ன நினைத்தானோ, நாற்காலியிலிருந்து இறங்கி ஜமக்காளத்தில் உட்கார்ந்து பதிமூன்றையும் கையில் எடுத்துவிட்டான்.

"அட்றா சக்க!" என்றான் ராமசாமி. "நான் சொன்னன் இல்ல?"

தெய்வசிகாமணி சீட்டை விரித்தான். விரல் பாட்டுக்கு அடுக்கியது. அவனுக்கு வரும் சீட்டு நல்லதா கெட்டதா என்று அவன் மூஞ்சியிலிருந்தே எனக்குத் தெரியும், முப்பது வருஷப் பழக்கம். அன்றைக்கு வந்தது சாதாரணக் கை இல்லை. கண் அப்படியே பளபளத்தது.

அந்த நேரத்தில் பிச்சைமுத்துவின் அக்காக்காரி வேனில் வந்து இறங்கினாள். "என் தம்பீ..." என்று அலறிக்கொண்டு உள்ளே ஓடினாள். மேளம் வேகமெடுத்தது. பெண்கள் கூட்டம் ஓவென்று குரல் எடுத்தது. நாங்கள் யாரும் திரும்பவில்லை. நாங்கள் திரும்புவதில்லை, அது பழக்கம். தெய்வசிகாமணி மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தான். பார்த்தபடியே இருந்தான். விரித்த சீட்டை மெதுவாக ஒன்றாகச் சேர்த்தான். கவிழ்த்துக் கீழே வைத்தான்.

"இன்னா மாப்ள?"

"இது ஜெயிக்கற கை, மச்சான். அதான் பயமா இருக்குது."

எழுந்து போனான். ஒரேயடியாகப் போனான் என்று நினைக்காதீர்கள். டீ டிரம் வரைக்கும் போனான், திரும்பி நாற்காலி வரைக்கும் வந்தான். தெருமுனைக்குப் போனான், மறுபடியும் வந்தான். கவிழ்த்து வைத்த சீட்டையே பார்த்தான். சட்டையெல்லாம் வேர்வை. "ஒக்காருய்யா, கண்ணு வலிக்குது" என்று ராமசாமி சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள்.

மூன்றாவது தடவை வந்தவன் எங்களைத் தாண்டிப் போனான். நேராக வீட்டுக்குள்ளே, பெண்கள் அழுகிற இடத்துக்குப் போனான். எங்கள் ஊரில் ஆம்பளை அங்கே உட்கார மாட்டான். மாலை போடுவான், ஒரு நிமிஷம் நிற்பான், வெளியே வந்துவிடுவான். இவன் போய் நடுவில் நின்றான். ஒப்பாரி நின்றது. உள்ளே ஒரு கிழவி கேட்டாள்:

"இன்னாப்பா சிகாமணி, இன்னா ஓணும்?"

அவன் சொன்னது வெளியில் எங்களுக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னானோ என்னவோ.

"வெளிய சீட்டாடிக்கினு இருக்கறாங்கம்மா. நானும் கையில எடுத்துட்டன். எடுத்தத கீழ வெச்சிட்டு வந்துட்டன். இன்னொரு வாட்டி எடுத்தா வெக்க மாட்டன், அந்த அளவுக்கு எனக்குத் தெம்பு இல்ல. வூட்டுக்குப் போவவும் மனசு வரல, அவன் எனக்குத் தண்ணி வுட்டவன். நான் இங்க ஓரமா ஒக்காந்துக்கறன். யாரும் தப்பா எடுத்துக்காதீங்க."

பந்தலில் ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். உள்ளே யாரும் சிரிக்கவில்லை. யாரும் நகரவும் இல்லை. ஆம்பளைக்கு எப்படி இடம் விடுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவன் அப்படியே நின்றுகொண்டிருந்தான், அறுபத்தாறு வயது ஆள், தலை குனிந்து.

அப்போது அமிர்தம் பேசினாள்.

"தள்ளி ஒக்காருங்கடி. அவரு ஒக்காரட்டும்."

ஏழு மாசம் கழித்து அந்தக் குரலை அவனுக்காகக் கேட்டேன். என் கையில் சீட்டு இருந்தது. எதைப் போடுவது, எதை எடுப்பது என்று ஒன்றும் புரியவில்லை. பெண்கள் நகர்ந்தார்கள். அமிர்தத்துக்குப் பக்கத்தில், ஐஸ் பெட்டிக்கு நேராக அவனுக்கு இடம் கிடைத்தது. உட்கார்ந்து, கண்ணாடிக்குள் இருந்த பிச்சைமுத்துவின் மூஞ்சியைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு உடைந்து அழ ஆரம்பித்தான்.

"முப்பது வருசமா எத்தினி சாவுக்குப் போனன். ஒரு மூஞ்சி நெனப்புல இல்ல அமிர்தம். எங்கப்பன் செத்த அன்னிக்கு நாலு மணிக்கு டிக் அடிச்சன், அது நெனப்புல இருக்குது. கடைசி சீட்டு ஆட்டின் பத்து, அதுகூட நெனப்புல இருக்குது. எங்கப்பன் மூஞ்சி எப்பிடி இருந்திச்சின்னு நெனப்புல இல்ல. பாக்கவே இல்லடீ. நான் பாக்கவே இல்ல."

அமிர்தம் அவன் முதுகில் கை வைத்தாள். சுற்றியிருந்த பெண்கள் மறுபடி குரலெடுத்தார்கள். இந்தத் தடவை பிச்சைமுத்துவுக்காக மட்டும் அழுததாகத் தெரியவில்லை.

ராமசாமி சீட்டைக் கீழே போட்டுவிட்டான். "ஆட்டத்தக் கலைங்கப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய் விறகு பிளக்கிறவர்களோடு நின்றுகொண்டான். நான்? நான் ஆடினேன். ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. என் சீட்டைப் போட்டுவிட்டு, அவன் கவிழ்த்துப்போன பதிமூன்றையும் நானே எடுத்து ஆடினேன். ஒரு சீட்டு வந்தால் டிக். மூன்றாவது சுற்றில் வந்தது. அன்று முழுக்க ஜெயித்தேன். வந்த காசையெல்லாம் சட்டைப் பையில் திணித்துக்கொண்டே இருந்தேன்.

அவன் அன்று பகலும் இரவும் அங்கேயே இருந்தான். பெண்கள் டீ கொடுத்தார்கள், குடித்தான். மறுநாள் மதியம் கலையரசன் வந்து அப்பன் மேல் விழுந்து அழுதபோது, அவனைத் தூக்கிப் பிடித்ததும் தெய்வசிகாமணிதான். "ஒங்கப்பன ஒரு நிமிசம்கூட தனியா வுடலடா தம்பி" என்றான். அதைச் சொல்ல எங்கள் ஊரில் வேறு எந்த ஆம்பளைக்கும் வாய் இல்லை.

டீக்கடையில் இப்போது என்ன பேசுகிறார்கள் என்று கேட்காதீர்கள். காது புளித்துவிட்டது. "சிகாமணி சீட்ட வுட்டான்யா, நூலு இல்லாமயே வுட்டான்" என்று ராமசாமியே பத்துப் பேரிடம் சொல்லியிருப்பான். அதன் பிறகு ஊரில் ஐந்து சாவு. ஐந்திலும் அவன் பெண்கள் பக்கம்தான் உட்கார்ந்தான். மூன்றாவது சாவில் ராமசாமியும் போய் உட்கார்ந்தான். இன்றைக்கும் அவன் கொட்டாய் வழியாகப் போவதில்லை, சுற்றிக்கொண்டு மேட்டு வழியாகத்தான் போகிறான். ஆசை போய்விட்டதா என்று ஒருநாள் கேட்டேன். "எங்க மச்சான் போவுது? அது அப்பிடியேதான் இருக்குது. நான்தான் தள்ளி ஒக்காந்துக்கினு இருக்கறன்" என்றான்.

ஆனால் நான் சொல்ல வந்தது பிச்சைமுத்துவை எடுத்த அன்று சாயங்காலம் நடந்தது. சுடுகாட்டிலிருந்து வந்து, குளித்து, சாவு வீட்டில் விளக்கைப் பார்த்துவிட்டு ஆளாளுக்குக் கிளம்பினோம். அமிர்தம் தெருமுனையில் தலை ஈரத்தோடு நின்றுகொண்டிருந்தாள். புருஷன் வந்ததும் கூடவே நடந்தாள். அவர்கள் வீடும் என் வீடும் ஒரே தெரு. நான் இருபதடி பின்னால் போய்க்கொண்டிருந்தேன்.

பத்தடி போகவில்லை, அமிர்தம் ஆரம்பித்தாள். மாசி மாதம் ஆஸ்பத்திரி பெஞ்சில் ஆரம்பித்தாள். எத்தனை மணிக்கு எந்த நர்ஸ் வந்து, "யாரும் வரலியாம்மா" என்று கேட்டாள், கண்டக்டர் எப்படிக் கையைப் பிடித்து இறக்கிவிட்டான், ஏரிக்கரையில் விழுந்து எழுந்திருக்க எவ்வளவு நேரம் ஆனது, ஒன்று விடவில்லை. பிறகு சூடம், பிறகு மலை, பிறகு ஜீப். "பொண்ணு மானத்த பானெட்டு மேல வெச்சி ஆடினியே, நீ ஒரு மனுசனா?" ஏழு மாசம் வாய்க்குள் வைத்திருந்த அத்தனையையும் ஒரே தெருவில் கொட்டினாள். வாசலில் நின்ற ஜனம் எல்லாம் கேட்டது. அவன் ஒவ்வொன்றுக்கும் "ஆமாம்... ஆமாம்டீ... தப்புதான்..." என்று சொல்லிக்கொண்டே, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நடந்தான். நடுவில் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தான். மூஞ்சி முழுக்கச் சிரிப்பு. முப்பது வருஷத்தில் அவன் எத்தனையோ கை ஜெயித்து நான் பார்த்திருக்கிறேன். இப்படி ஜெயித்துப் பார்த்ததில்லை.

எனக்குப் பொறாமையாக இருந்தது. சட்டைப் பை கனத்தது. வீட்டுக்குப் போய் யாரிடம் காட்டுவது? ஏன்டா பாவி, செத்த வீட்டில் இப்படிச் செய்தாய் என்று கேட்கக்கூட அங்கே ஒரு ஆள் இல்லை. அவர்கள் இரண்டு பேரும் வாசலை நெருங்கியதும், நான் கண்டும் காணாமல் தாண்டிப் போய்விடலாம் என்று நடையை மெதுவாக்கினேன்.

அமிர்தம் படியில் ஏறினவள் நின்று திரும்பினாள். மாசியிலிருந்து என்னையும் அவள் ஏறெடுத்துப் பார்த்ததில்லை.

"நீ இன்னாண்ணே, திருடனாட்டம் நழுவற? அன்னிக்கு கொட்டாயில என்னப் பாத்தும் வாய தொறக்காதவன்தான நீ? ஒனக்கு ஜாஸ்தியாவே இருக்குது. வந்து ஒக்காரு, சோறு தின்னுக்கினே வாங்கிக்க."

நான் வேகமாகப் படியேறினேன்.